வெற்றுரையும் தமிழெழுத்தும்: ‘மட்’ மின்னஞ்சல் செயலியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கட்டளைவரியில் இயங்கும் மின்னஞ்சல் செயலிகள் எளிமை, வேகம், பயனரின் தன்னாட்சி ஆகிய பண்புகளுக்காகப் பாராட்டப்படுகின்றன. இவை அனைத்திற்கும் அடிப்படையாக அமைவது ‘வெற்றுரை’ என்னும் கருத்தாகும். அழகமைப்பு நீக்கப்பட்ட, எழுத்து மட்டுமே எஞ்சிய உரை என்பது இதன் பொருள். அவ்வெழுத்து எது என்னும் வினாவை எழுப்பி, ‘மட்’ என்னும் செயலியை இக்கட்டுரை திறனாய்வு செய்கின்றது. வெற்றுரை எல்லா மொழிக்கும் பொதுவான நடுநிலை வடிவம் அன்று. ஒரு குறிப்பிட்ட எழுத்துமுறையின் இயல்புகளை அளவுகோலாகக் கொண்ட வடிவம் என்பதைத் தமிழெழுத்தின் வழி நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல், கட்டளைவரி, முனையம், வெற்றுரை, ஒருங்குறி, உயிர்மெய்

முன்னுரை

ஒரு நூலின் பதிப்பைத் திறனாய்வு செய்வோர் பதிப்பாசிரியர் எதனைப் பாடமாகக் கொண்டார், எதனை விலக்கினார் என்பவற்றை நோக்குவர். மின்னஞ்சல் செயலியும் ஒருவகையில் பதிப்பாசிரியரின் பணியையே செய்கின்றது. வந்துசேரும் பைட்டுத் தொடரிலிருந்து எது உரை, எது அணி, எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்பவற்றை அதுவே முடிவு செய்கின்றது. ஆகவே கணினியியலின் அளவைகளோடு மட்டும் நில்லாமல், உரை பற்றிய அதன் கொள்கை எது என்று வினவுவதும் பொருத்தமுடையது. இவ்வினாவுக்கு வரைகலைச் செயலிகளைவிடக் கட்டளைவரிச் செயலிகளே தெளிவான விடை தருகின்றன. அணிகள் அனைத்தையும் களைந்தபின் எஞ்சுவது எது என்பதை அவை வெளிப்படையாகக் காட்டுவதே இதற்குக் காரணம்.

கட்டளைவரி அஞ்சலின் மரபு

வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் அனுப்பும் முறையை 1971இல் அமெரிக்காவின் ஆர்பாநெட்டில் ரே டாம்லின்சன் செயல்படுத்தினார். யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்பிலேயே அஞ்சலுக்கான கட்டளை இடம்பெற்றிருந்தது. 1978இல் பெர்க்லியில் குர்ட் ஷோன்ஸ் எழுதிய அஞ்சல் நிரல் அதனை விரிவாக்கியது. 1986இல் டேவ் டெய்லர் உருவாக்கிய ‘எல்ம்’ முழுத்திரைப் பட்டியலை வழங்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பைன்’ கணினிப் பயிற்சி குறைந்த பல்கலைக்கழகப் பயனரை மனத்திற்கொண்டு பட்டித் தெரிவுகளால் அமைந்தது. அதன் வழித்தோன்றலாகிய ‘அல்பைன்’ 2007இல் வெளிவந்தது.

இம்மரபின் தொடர்ச்சியாக 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் ‘மட்’ செயலியை உருவாக்கினார். இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் கலப்பின நாய் என்று பொருள். முந்தைய செயலிகள் பலவற்றின் கூறுகளைத் தன்னுள் கொண்டிருப்பதால் இப்பெயர் பொருந்துகின்றது. எல்லா அஞ்சல் செயலிகளும் குறையுடையன. இதன் குறை சற்றுக் குறைவு என்னும் கருத்தைத் தன் முகப்பு வாசகமாகவே அது கொண்டுள்ளது. இத்தன்னடக்க வாசகம் யாருடைய குறையைக் கணக்கிட்டு எழுந்தது என்பது பின்னர் நோக்கப்படும்.

‘மட்’ செயலியின் வாசிப்பு முறை

‘மட்’ இரு காட்சிகளால் ஆனது. ஒன்று, அஞ்சல்களின் பட்டியல். மற்றொன்று, அஞ்சலின் உள்ளடக்கம். சுட்டியின் துணையின்றி ஒற்றை விசைகளாலேயே பணிகள் நடைபெறுகின்றன. நீக்குவதற்கான விசையை அழுத்தியவுடன் அஞ்சல் அழிந்துவிடுவதில்லை. அடையாளம் மட்டும் இடப்படுகின்றது. பயனர் உறுதிசெய்த பின்னரே பெட்டி மாற்றம் பெறுகின்றது. அனுப்புநர், பொருள், நாள், உள்ளடக்கம் ஆகியவற்றை அளவையாகக் கொண்டு பட்டியலைச் சுருக்கலாம். சுருக்கிய தொகுதி முழுவதின்மீதும் ஒரே கட்டளையைச் செலுத்தலாம். ஆயிரக்கணக்கான மடல்களிலிருந்து வேண்டியவற்றைப் பிரித்தெடுக்கும் ஆய்வாளருக்கு இது ஓர் அட்டவணைக் கருவியாகவே பயன்படும்.

மடல் எழுதுவதற்குத் தனித் திருத்தியை ‘மட்’ கொண்டிருக்கவில்லை. ‘விஐ’, ‘ஈமாக்ஸ்’ போன்று பயனர் விரும்பும் திருத்தியை அது அழைக்கின்றது. எச்டிஎம்எல் வடிவில் வரும் மடலை ‘லின்க்ஸ்’ போன்ற உரை உலாவியிடம் ஒப்படைத்து, அது திருப்பித் தரும் உரையைக் காட்டுமாறும் அமைக்கலாம். தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து படங்கள் இறக்கப்படாமையால், மடல் திறக்கப்பட்ட செய்தியை அனுப்புநருக்கு ஒற்றறிந்து சொல்லும் நுண்படங்கள் பயனற்றுப் போகின்றன. லினக்ஸ் கருவின் உருவாக்குநர்கள் நிரல்திருத்தங்களை இன்றும் வெற்றுரை அஞ்சலாகவே பரிமாறிக்கொள்கின்றனர். ஒரு வெற்றிடம் மாறினாலும் திருத்தம் பொருந்தாது போகும் அத்துறையில், உரையை மாற்றாது விடும் செயலியே நம்பகமானது. இந்நலன்கள் மெய்யானவை, பின்வரும் திறனாய்வு இவற்றை மறுப்பதன்று.

வெற்றுரையின் கருதுகோள்

வெற்றுரை என்னும் கருத்தின் பின்னணியில் ‘ஆஸ்கி’ குறியேற்றம் உள்ளது. அதில் 128 குறியிடங்களே உண்டு. 7 பிட்டுகள் போதுமானவை. அஞ்சல் வடிவத்தை வரையறுத்த 1982ஆம் ஆண்டின் செந்தரமும் இதனையே அடிப்படையாகக் கொண்டது. இக்குறியேற்றத்தில் நான்கு அளவுகள் தம்முள் ஒத்திருக்கின்றன: வாசகர் எண்ணும் எழுத்து, கணினி எண்ணும் குறியெண், சேமிப்பில் அமையும் பைட், திரையில் அமையும் கட்டம். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல் ஒன்று நான்கு குறியெண்ணாகவும் நான்கு பைட்டாகவும் நான்கு கட்டமாகவும் அமையும். நான்கும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை வேறுபடுத்திக் காணும் தேவையே அங்கு எழவில்லை.

‘தமிழ்’ என்னும் சொல்லை இவ்வளவைகளால் நோக்கினால் நிலை மாறுகின்றது. இலக்கணப்படி இஃது 3 எழுத்து. ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என 5 குறியெண்கள். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளைப் பெறுவதால் 15 பைட்டுகள். முனையத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் அகலக் கணக்கின்படி 4 கட்டங்கள். நான்கு அளவைகளுக்கும் நான்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. ஆஸ்கியில் மறைந்திருந்த வேறுபாட்டைத் தமிழ்ச்சொல் வெளிக்கொணர்கின்றது.

ஆஸ்கி அல்லாத எழுத்துகளை அஞ்சலில் இடம்பெறச் செய்ய, நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகியோர் வகுத்த ‘மைம்’ செந்தரம் 1992இல் வெளியிடப்பட்டது. 7 பிட் வழியில் செல்லவேண்டிய நிலையில் ‘தமிழ்’ என்னும் சொல் ‘பேஸ்64’ முறையில் 20 குறிகளாகவும், பைட்டுதோறும் மூன்று குறி இடும் மற்றொரு முறையில் 45 குறிகளாகவும் மாறுகின்றது. அஞ்சலின் பொருள்வரிக்குரிய விதி இன்னும் நுட்பமானது. அதில் ஒவ்வொரு குறியேற்றத் துண்டும் 75 குறிகளுக்கு மேற்படலாகாது. முன்னொட்டும் பின்னொட்டும் போக, பேஸ்64 முறையில் ஒரு துண்டு 15 தமிழ்க் குறியெண்களையே தாங்கும். ஓர் எழுத்தின் பைட்டுகளை இரு துண்டுகளுக்கிடையே பிரிக்கலாகாது என்றும் அவ்விதி கூறுகின்றது. ஆயின் அவ்விதி கருதும் எழுத்து குறியெண்ணே ஆகும், உயிர்மெய் அன்று. எனவே மகரம் ஒரு துண்டின் இறுதியிலும் அதன் இகரக் குறி அடுத்த துண்டின் முதலிலும் நிற்பது விதிமீறல் ஆகாது. பெறுமிடத்தில் அவை மீண்டும் இணைந்துவிடுவதால் இழப்பு நேர்வதில்லை. எனினும் எழுத்து என்னும் சொல்லைச் செந்தரம் எப்பொருளில் ஆள்கின்றது என்பதை இது தெளிவுபடுத்துகின்றது.

கட்டமும் எழுத்தும்

இழப்பு நேரும் இடம் திரையாகும். முனையம் என்பது நிரை நிரலாக அமைந்த கட்டங்களின் தொகுதி. 1978இல் வெளிவந்த ‘விடி100’ முனையத்தின் 80 நிரல், 24 நிரை என்னும் அளவு இன்றுவரை முனைய மென்பொருள்களில் வழங்கிவருகின்றது. எந்தக் குறியெண்ணுக்கு எத்தனை கட்டம் என்பதை முனையமும் செயலியும் ஒன்றுபோலக் கணக்கிட்டால்தான் நிரல்கள் நேராக அமையும். இக்கணக்குக்கு மார்க்கஸ் குன் எழுதி வெளியிட்ட செயற்கூறு பல மென்பொருள்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதில் இடம் பெறாது ஒட்டும் குறிகளுக்குச் சுழியமும், இடம் பெற்று ஒட்டும் குறிகளுக்கு ஒன்றும் அகலமாகும். ஒருங்குறியின் வகைப்பாட்டில் ஈகரக் குறியும் புள்ளியும் முன்னதில் அடங்க, இகரக் குறி பின்னதில் அடங்குகின்றது. விளைவாக ‘கி’ 2 கட்டமும் ‘கீ’ 1 கட்டமும் பெறுகின்றன. குறில் நெடிலைவிட இருமடங்கு இடம் கொள்வதற்குத் தமிழ் இலக்கணத்திலோ எழுத்தின் வடிவத்திலோ காரணம் இல்லை. தனித் துணையுருவின்றி உருவம் மாறி அமையும் ‘கு’ 2 கட்டம் பெற, மூன்று உருக்களாக விரியும் ‘கொ’வும் அதே 2 கட்டத்துள் அடங்கவேண்டியுள்ளது.

‘மட்’ செயலியின் பட்டியலில் அனுப்புநர் பெயருக்கு இயல்பாக 15 கட்டங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தில் ‘தெ. பொ. மீனாட்சிசுந்தரனார்’ என்னும் பெயர் அமைவதாகக் கொண்டால், மேற்கூறிய கணக்கின்படி அது ‘தெ. பொ. மீனாட்சிச’ என்று முடியும். ‘சு’ என்னும் எழுத்தின் உகரக் குறி பதினாறாம் கட்டத்திற்குரியதாகி விடுபட, ‘ச’ எஞ்சுகின்றது. ஆங்கிலப் பெயரும் பதினைந்தாம் கட்டத்தில் வெட்டுப்படவே செய்யும்; ஆயின் எஞ்சும் எழுத்துகள் மூலத்தில் இருந்த எழுத்துகளே. தமிழ்ப் பெயரிலோ இறுதி எழுத்து மற்றோர் எழுத்தாகத் திரிகின்றது. முன்னது சுருக்கம், பின்னது பாடவேறுபாடு.

‘எக்ஸ்டெர்ம்’ போன்று எழுத்துருக்களை இடம்மாற்றி அமைக்காத முனையங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியக் கொள்கை. ஒருங்குறியின் சேமிப்பு வரிசை இதனோடு ஒத்துள்ளது. எழுதும் வழக்கிலோ ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். முனையம் இவ்விடமாற்றத்தைச் செய்யாதபோது கொம்பு மெய்யின் பின்னே தோன்றி, அடுத்த எழுத்தோடு சேர்த்துப் படிக்கப்படும் மயக்கம் நேர்கின்றது.

இவ்விடத்தில் திஸ்கி குறியேற்றம் ஒப்புநோக்கத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழ் மடலாடலிலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்பதிப்புகளிலும் அது பயன்பட்டது. எழுதும் வரிசையிலேயே உருக்களைச் சேமித்த திஸ்கியில் ‘தமிழ்’ 4 பைட்டுகள். உரிய எழுத்துரு இருப்பின் 4 கட்டங்கள். முனையத்தின் சமன்பாட்டிற்கு அது இயைந்தது. ஆயின் ‘கொ’ அதில் கொம்பு, ககரம், கால் என மூன்று தனிக்குறிகளாகச் சிதைந்தது. அகரவரிசைப்படுத்தலும் தேடலும் இடர்ப்பட்டன. கட்டத்தோடு இயையத் தமிழெழுத்து தன் ஒருமையை இழக்கவேண்டியிருந்தது. ஒருமையைப் பேணிய ஒருங்குறியோ கட்டத்தோடு இயையவில்லை. சமமான நகர்வைக் கொண்ட எந்திரத்தில் தமிழை அமைக்க இயலாது என்பது இதன் பொருளன்று. தமிழ்த் தட்டச்சுப்பொறியில் புள்ளிக்கும் இகர, ஈகரக் குறிகளுக்கும் நகரா விசைகள் அமைந்தன. அங்கே குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே நெறி பின்பற்றப்பட்டது. தமிழெழுத்தை முதன்மையாகக் கொண்டு அளவை வகுக்கப்பட்டமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

பொறுப்பும் சேமிப்பும்

இக்குறைகள் முனையத்திற்குரியவை, ‘மட்’ செயலிக்குரியவை அல்ல என்று மறுக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் திருத்துவதைத் திருத்தியிடமும் காட்டுவதை முனையத்திடமும் ஒப்படைக்கும் பகிர்வே அதன் வடிவமைப்புக் கொள்கையாகும். பகிர்வால் விளையும் நலனை அதன் சிறப்பாகக் கொள்ளும்போது, பகிர்வின் இடைவெளியில் விழும் குறையையும் அதன் கணக்கிலேயே சேர்த்தல் வேண்டும்.

சேமிப்பிலும் இதே நிலை தொடர்கின்றது. மடல்களைச் சாதாரணக் கோப்புகளாக வைத்திருப்பதால் எந்தக் கருவியாலும் தேடலாம் என்பது இம்மரபின் பெருமிதம். ஆங்கில மடலுக்கு இது பெரும்பாலும் உண்மை. பேஸ்64 வடிவில் வந்த தமிழ் மடலில் ஒரு சொல்லைக் கோப்புத்தேடல் கட்டளையால் நேரடியாகக் காண இயலாது. ‘மட்’ செயலியின் உள்ளிருந்து தேடினால் குறியேற்றத்தை விரித்துத் தேடும் வசதி உண்டு; 8 பிட் வழியில் வந்த மடலுக்கும் இத்தடை இல்லை. ஆயினும் தமிழறிஞர்களின் கடிதங்கள் இலக்கிய வரலாற்றுச் சான்றுகளாகப் பயன்படுவதுபோல, இன்றைய மின்மடல்களும் நாளை சான்றுகளாகும். அவற்றைத் தொகுப்போர் கோப்பில் உள்ளது மூலபாடம் என்று கருதாமல், குறியேற்றம் நீக்கிய வடிவத்தையும் உடன்பேணுதல் இன்றியமையாதது.

முடிவுரை

கட்டளைவரி அஞ்சல் செயலி அணிகளைக் களைந்து உரையை வாசகரிடம் ஒப்படைக்கின்றது. வாசகரின் கட்டுப்பாடு, கண்காணிப்பின்மை, உரையின் திரிபின்மை ஆகிய நலன்களால் அது இன்றும் மதிக்கத்தக்கது. ஆயின் திரிபின்மை என்னும் நலன் ஓர் எழுத்து, ஒரு குறியெண், ஒரு பைட், ஒரு கட்டம் என்னும் சமன்பாட்டிற்கு உட்பட்ட எழுத்துமுறைக்கே முழுமையாகக் கிட்டுகின்றது. தன் குறை சற்றுக் குறைவு என்னும் ‘மட்’ செயலியின் கூற்று, அச்சமன்பாட்டிற்குள் நிற்பவரின் அளவையாகும்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. ஒருங்குறியின் எழுத்துத்திரள் பகுப்பு ‘தமிழ்’ என்னும் சொல்லை 3 அலகுகளாகவே பிரிக்கின்றது; இஃது இலக்கணத்தின் எண்ணிக்கையோடு முற்றும் ஒத்துள்ளது. அண்மைக்கால முனையங்கள் சில இத்திரளையே அலகாகக் கொள்ள முயல்கின்றன. வெட்டுதல், நிரைப்படுத்தல், அழித்தல் ஆகியவை இவ்வலகின் அடிப்படையில் நிகழுமாயின் ‘சு’ ‘ச’வாகத் திரியாது. ஒவ்வொரு திரளுக்கும் எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பது தமிழெழுத்து வடிவத்தை அறிந்தோர் விடைகாணவேண்டிய வினா. தமிழ் இலக்கணத்தில் எழுத்து என்பதற்கு வகுக்கப்பட்ட வரையறை, கணினித் துறையில் இன்னும் முடிவுபெறாத இச்சிக்கலுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. இலக்கண ஆய்வாளரும் நிரலாளரும் இணைந்து செய்யவேண்டிய பணியாக அது காத்திருக்கின்றது.