மேல்படி மரப்பாச்சி

நவராத்திரி நெருங்கினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய்விடுவேன். எங்கள் கொலுவின் மேல்படியில் நிற்கும் மரப்பாச்சி ஜோடி அங்கே கிடைத்ததுதான். செம்மரம். எந்த வீட்டுப் பெண்ணுக்குச் சீராகப் போனதோ! மூக்கு மழுங்கி, தோள் வழவழத்திருக்கிறது. எத்தனை பிஞ்சு விரல்கள் பிடித்துத் தேய்த்த வழவழப்பு! புது பொம்மையில் இது வராது. ஜரிகைத் துணி சுற்றி, பாசிமணி போட்டதும் தம்பதிக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது.

கீழ்ப்படியில் பித்தளைச் செப்புச் சாமான்கள். புளி போட்டுத் துலக்கியவை. சுண்டல் வைக்கும் தாம்பாளத்தின் விளிம்பில் யாரோ ஒரு பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. வருகிறவர்கள் கண்ணில் படும்படி, அந்தப் பக்கத்தை முன்னால் திருப்பியே வைக்கிறேன்.