பெண் மீனைப் பாருங்கள்

சென்னை கொளத்தூரின் கலர் மீன் கடைகளில் 'அபிஸ்டோ' என்ற குள்ள சிக்லிட் மீனைக் கேட்டால், முதலில் கண்ணில் படுவது ஆண்தான். முதுகுத் துடுப்பின் முன்முட்கள் கொண்டையாக நீண்டு நிற்கும். வாலில் ஆரஞ்சும் கறுப்பும் தெறித்திருக்கும். கண்ணாடியில் தன் பிம்பத்தைக் கண்டாலே துடுப்பு விரித்துச் சண்டைக்கு நிற்கும் எட்டு சென்டிமீட்டர் வீரன். விலையும் அவனுக்குத்தான். அதே தொட்டியின் மூலையில், சருகு நிறத்தில், ஐந்து சென்டிமீட்டர்கூடத் தேறாத ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். அது பெண். ஜோடியாக வேண்டும் என்றால், கறிவேப்பிலையைக் கொசுறு போடுவதுபோல் அதையும் வலையில் அள்ளிக் கவருக்குள் போட்டுவிடுவார்கள்.

குள்ள சிக்லிட் வளர்ப்பின் ருசியெல்லாம் அந்தக் கொசுறிடம்தான் இருக்கிறது.

சிக்லிட் என்பது பெரிய குடும்பம். மீன் சந்தையில் விற்கும் ஜிலேபி, கேரளத்துக் கரிமீன், தொட்டிகளில் காணும் ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ் எல்லாமே அதன் உறுப்பினர்கள்தான். அந்தக் குடும்பத்தில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டாத இனங்களைக் குள்ள சிக்லிட் என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் இருக்கின்றன; ஆனால் ரசிகர்களை அதிகம் கட்டிப்போட்டிருப்பது தென் அமெரிக்காவின் அபிஸ்டோகிராம்மா பேரினம். அதில் பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் தொண்ணூற்றுக்கு மேல். கொண்டைக்காரனின் பெயர் அபிஸ்டோகிராம்மா கக்கட்டுவாய்டிஸ். ஹோட்மன் என்ற டச்சு மீனியலாளர் 1951இல் விவரித்தது. ஈட்டி முனை வால் கொண்ட அகாசிசி அதற்கு மூத்தது, 1875இல் ஸ்டைன்டாக்னர் விவரித்தது. கடைகளில் 'டபுள் ரெட்', 'ட்ரிபிள் ரெட்' என்பதெல்லாம் கக்கட்டுவாய்டிஸில் எத்தனை துடுப்புகளில் சிவப்பு ஏறியிருக்கிறது என்ற கணக்கு. அந்தச் சிவப்பு, வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து ஏற்றியது.

இந்த மீன்களின் உலகம் தரையில் இருக்கிறது. அமேசான் காட்டோடைகளின் அடியில் சருகு மெத்தை மெத்தையாகக் குவிந்து கிடக்கும். பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே தருமாசின்யோ என்ற கருநீர் ஓடையின் சருகுப் படுகையை ஹெண்டர்சனும் இல்ஸ வாக்கரும் ஆராய்ந்து 1986இல் எழுதினார்கள். சருகைப் பூஞ்சை மட்கச் செய்கிறது. பூஞ்சையைச் சிறு பூச்சிப் புழுக்கள் தின்கின்றன. புழுக்களைச் சின்னஞ்சிறு மீன்கள் தின்கின்றன. சருகுதான் வீடு, சருகுதான் சமையலறை. இதைப் புரிந்துகொண்டவர் தொட்டி வாங்கும்போது உயரத்தைப் பார்க்க மாட்டார், அடிப்பரப்பைத்தான் அளப்பார். இரண்டடி நீளம், ஓரடி அகலம் இருந்தால் ஒரு ஜோடிக்குக் குடித்தனம் நடத்த இடம் கிடைத்துவிடும். உயரம் ஓரடியே தாராளம்.

தொட்டிக்குள் போடவேண்டியவை பெரும்பாலும் காசு கேட்காதவை. அலசிய சன்ன மணல் அவசியம். இந்த மீன் வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்துச் செவுள் வழியே உமிழ்ந்தபடி இரை தேடும். கூரிய சரளைக் கல்லைப் போட்டால் அந்த அழகும் போகும், வாயும் புண்ணாகும். தெருவோரப் பாதாம் மரம் உதிர்க்கும் காய்ந்த சிவப்பு இலைகளில் நாலைந்தைப் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். உலகெங்கும் அபிஸ்டோ பிரியர்கள் இந்த இலையைப் பாக்கெட்டில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் பள்ளிக்கூட வாசலில் பெருக்கித் தள்ளுகிறோம். குகைக்குக் கொட்டாங்குச்சி. நாலைந்து முறை கொதிக்க வைத்து, விளிம்பில் பெண் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துளை உடைத்துக் கவிழ்த்தால் போதும். ஆண் நுழைய முடியாதபடி வாசல் சிறிதாக இருப்பது முக்கியம். அங்கே யார் ஆட்சி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

தண்ணீர்தான் சென்னைக்காரர்களுக்குத் தலைவலி. போர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தொடும் தெருக்கள் உண்டு. கக்கட்டுவாய்டிஸ் ஓரளவு கடினநீரைத் தாங்கும். அகாசிசி அதில் உயிரோடு இருந்தாலும் முட்டை பொரிக்கத் திணறும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குமேல் கலப்பதுதான் வழி. ஸ்பாஞ்சு ஃபில்டர் ஓடி, தொட்டி நாலைந்து வாரம் பக்குவப்பட்ட பிறகே மீன் விடவேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு இதைக் கடந்துவிடலாம்.

இனி அந்தப் பெண்ணிடம் வருவோம். முட்டையிடும் நாள் நெருங்கும்போது சருகு நிறம் கழன்று, எலுமிச்சைப் பழ மஞ்சள் உடம்பெங்கும் ஏறும். கண்ணுக்குக் குறுக்கே, கன்னத்தில், வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பில் மையிட்ட கறுப்பு. நேற்று வரை மூலையில் பதுங்கியவள் இன்று நடுத்தொட்டிக்கு வந்து, ஆணின் முன் உடலை வளைத்து நின்று தானே அழைக்கிறாள். கொட்டாங்குச்சியின் உள்கூரையில் செந்நிற முட்டைகளை ஒட்டுகிறாள். நல்ல பெண் எண்பது, நூறு என்றுகூட இடும். ஆணின் வேலை ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. அதன்பின் அவன் வாசல் பக்கம் வந்தால் அடிதான். தன் எடையில் பாதிகூட இல்லாத ஒருத்தியிடம் அந்தக் கொண்டைக்காரன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவர்கள், அதன்பின் ஆணின் நிறத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஓட இடமில்லாத சிறு தொட்டியில் ஆண் செத்தே போவதும் உண்டு.

மூன்று நாள் அளவில் முட்டை பொரியும். நீந்தத் தெரியாமல் துடிக்கும் குஞ்சுகளைத் தாய் வாயில் அள்ளி இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள். இன்னும் நாலைந்து நாளில், மஞ்சள் தாய் முன்னே வர, பின்னால் ஒரு சிறு மேகம் வெளியே வரும். அப்போதுதான் தொட்டியின் முன் நாற்காலி போட வேண்டும். ஆபத்தென்றால் அவள் வயிற்றுத் துடுப்பைச் சுண்டி உடம்பை ஒரு வெட்டு வெட்டுவாள். அந்தக் கணமே மேகம் கலைந்து, குஞ்சுகள் எல்லாம் மணலில் விழுந்து அசையாமல் கிடக்கும். ஆபத்து நீங்கியதும் இன்னொரு அசைவு, எல்லாம் எழும். விளக்கணைக்கும் நேரத்தில் வழிதவறிய குஞ்சுகளை வாயில் பொறுக்கி வந்து குகைக்குள் துப்புவாள்.

தாய்க்கும் குஞ்சுகளுக்கும் இடையிலான இந்தப் பேச்சை அறிவியலாளர்களும் ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். பீட்டர் குன்ட்சர் என்ற ஜெர்மானியர் 1960களில், நன்னகாரா அனோமலா என்ற இன்னொரு குள்ள சிக்லிட்டின் குஞ்சுகளுக்குப் பொம்மைத் தாய்களை அசைத்துக் காட்டி, எதைக் கண்டு அவை பின்தொடர்கின்றன என்று சோதித்தார். தாயையே பார்த்திராத குஞ்சுகளும் பின்தொடர்ந்தன. தாய்மையின் வேகம் மறுபக்கமும் உண்டு: குஞ்சுகளைப் பறிகொடுத்த பெண், இரையாக விட்ட டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிர்களின் கூட்டத்தையே குஞ்சாக எண்ணிக் காவல் காத்ததாக அனுபவஸ்தர்கள் சொல்வதுண்டு.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. உவே ரோமரும் வோல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸும் 37 அபிஸ்டோகிராம்மா இனங்களை 23, 26, 29 டிகிரி வெப்பத்தில் வளர்த்துப் பார்த்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். 33 இனங்களில் வெப்பம் குஞ்சுகளின் பால் விகிதத்தை மாற்றியது. சூடு கூடக்கூட ஆண்கள் கூடின. அதாவது மே மாதச் சென்னையில், மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் பொரித்த குஞ்சுகள் பெரும்பாலும் ஆண்களாக வளர்ந்து நின்றால் வியப்பதற்கில்லை. பெண் வேண்டுமென்பவர்கள் மார்கழியை நம்பலாம். அல்லது தொட்டிமேல் ஒரு சிறு மின்விசிறி வைத்து 25, 26இல் பிடித்து நிறுத்தலாம்.

வெயிலுக்கு ஏற்ற குள்ள சிக்லிட் ராம். வெனிசுவேலா, கொலம்பியாவின் புல்வெளிச் சமவெளிகளைச் சேர்ந்தது. மயர்ஸும் ஹாரியும் 1948இல் விவரித்தது. தண்ணீர் குளிர்ந்தால் சுணங்கும். இதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சு காக்கும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மிகையான உள்ளினப் பெருக்கத்தால் கடைக்கு வரும் ராம்களில் பல நோஞ்சான்கள். முட்டையைக் காக்கத் தெரியாமல் தானே தின்றுவிடுபவையும் ஏராளம். முதுகெலும்பைக் குறுக்கி உருண்டையாக்கி விற்கும் 'பலூன் ராம்' ரசனையே அல்ல. ஒரு மீனின் நீந்தும் திறனைப் பறித்துவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைப்பதை எந்தப் பிரியரும் காசு கொடுத்து ஊக்குவிக்க வேண்டியதில்லை.

முதன்முதலாக வளர்ப்பவர்கள் கக்கட்டுவாய்டிஸில் தொடங்குங்கள். மேல்மட்டத்தில் ஏழெட்டு நியான் டெட்ரா நீந்தினால் அபிஸ்டோக்கள் அச்சமின்றி வெளியே வரும். 'பெண்' என்று தருவதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பெரிய ஆணிடம் அடிபடாமலிருக்க இளம் ஆண்கள் பெண் வேடத்தில் உலவுவதுண்டு. வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பு அழுத்தமான கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் பெண்தான். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அவற்றுக்குப் புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறால் வேண்டும். அதன் முட்டை உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் பொரியும். இரண்டடித் தொட்டியென்றால் ஒரு ஜோடியோடு நிறுத்துங்கள். மூன்றடி இருந்தால் ஓர் ஆணும் மூன்று பெண்களும் விடலாம். கொட்டாங்குச்சி மட்டும் நான்காகப் போடுங்கள்.