மாதக் கணக்கில் வராத தேய்மானம்

படகிலேயே குடியிருந்து கடல் கடந்து நெடும்பயணம் போகிறவர்களிடையே வரவுசெலவுத் திட்டம் என்றால் பெரும்பாலும் மாதச் செலவுப் பட்டியல்தான். உணவு, டீசல், படகுத்துறை வாடகை, குடிவரவுக் கட்டணம், இணையம், பராமரிப்பு என்று தலைப்பு தலைப்பாக எழுதி, ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, 'மாதம் இத்தனை டாலர்' என்று ஓர் எண்ணை வெளியிடுகிறார்கள். கடற்பயணக் காணொளிகள் பெருகிய பிறகு இது ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டது. வேலையை விட்டு, வீட்டை விற்றுப் படகு வாங்க நினைக்கும் தம்பதி முதலில் தேடுவதும் இந்த எண்ணைத்தான். தங்கள் சேமிப்பை அந்த எண்ணால் வகுத்து, எத்தனை ஆண்டு கடலில் இருக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவைத் தாங்கும் வலு இந்த எண்ணுக்கு இல்லை.

பட்டியல் போடுவதில் பயன் இல்லாமல் இல்லை. படகு வாழ்க்கை கோடீஸ்வரர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடைத்தது இதுதான். நங்கூரமிட்டுத் தங்கினால் வாடகை இல்லை, காற்றில் ஓடினால் எரிபொருள் மிச்சம், படகின் நீளம் கூடக்கூடச் செலவு அதைவிட வேகமாக ஏறும் போன்ற அடிப்படைப் பாடங்களைப் பலர் இப்படித்தான் கற்றார்கள். கணக்கு எழுதும் பழக்கம் வீண்செலவையும் குறைக்கும். இவ்வளவும் சரியே.

இதற்கு நீண்ட மரபும் உண்டு. 1895 முதல் 1898 வரை தனியாக உலகைச் சுற்றி வந்த ஜோஷுவா ஸ்லோக்கம், தம் 'ஸ்ப்ரே' படகைப் புதுப்பிக்கப் பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட் என்று எழுதி வைத்தார். கூடவே, தம் சொந்த உழைப்பு பதின்மூன்று மாதம் என்பதையும் தனியாகக் குறித்தார். பணத்தையும் உழைப்பையும் அடுத்தடுத்து வைத்த அந்த நேர்மை இன்றைய பட்டியல்களில் அரிது. இயந்திரத்தைத் தானே பிரித்துச் சரிசெய்தவர் தம் மூன்று வார உழைப்பைச் சுழியம் என்று போடுகிறார். அதைப் படிப்பவருக்கோ ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அவர் ஆள் வைத்துச் செய்யும் துறைமுகத்தில் அதே வேலைக்கு மணிக்கணக்கில் கூலி கேட்பார்கள்.

குறைந்த செலவுக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படும் இரண்டு முன்னோடிகளின் நிலையும் இதுதான். ஆனி ஹில் 1993-இல் வெளியிட்ட, சிறு வருமானத்தில் கடலோடுவது பற்றிய நூல் ஒரு தலைமுறையையே கடலுக்கு இழுத்தது. ஆனால் அவருடைய 'பேட்ஜர்' தம் கையால் கட்டிய ஒட்டுப்பலகைப் படகு. அதில் இருந்தது சீன மரபிலான ஜங்க் பாய். அதன் பாய்மரங்கள் இழுத்துக் கட்டும் எஃகு வடங்கள் இல்லாமல் தாமாகவே நிற்பவை. லின், லாரி பார்டி தம்பதியின் 'செராஃபின்', 'டலேசின்' இரண்டும் முப்பது அடிக்கும் குறைவான, அவர்களே கட்டிய, இயந்திரமே இல்லாத மரப்படகுகள். லாரி தேர்ந்த படகுத் தச்சர். போகிற துறைமுகத்திலெல்லாம் அவர் கைக்கு வேலை இருந்தது. நாற்பதடி நீளக் கண்ணாடியிழைப் படகில், டீசல் இயந்திரம், நன்னீராக்கி, தானியங்கிச் சுக்கான் எல்லாவற்றோடும் போகிறவர் அந்தக் கணக்கை மேற்கோள் காட்டுவது பொருந்தாது. தேய்ந்து போகும் உறுப்புகளையே படகிலிருந்து விலக்கியதால் அவர்கள் செலவு குறைந்தது. இந்தக் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பின்வந்தவர்கள் செய்த பிழை.

மாதக் கணக்கின் அடிப்படைக் குறையும் தேய்மானத்தில்தான் இருக்கிறது. இந்த மாதம் பையிலிருந்து போன பணத்தை அது எழுதுகிறது. இந்த மாதம் படகிலிருந்து போனதை எழுதுவதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது கணக்கியலின் அரிச்சுவடி. ஒரு சிறு தொழிற்சாலை இயந்திரத் தேய்மானத்தை எழுதாமல் லாபம் காட்டினால் தணிக்கையாளர் ஒப்பமாட்டார். தேய்மானத்தை எழுதாமல் சிக்கனம் காட்டும் படகுக்காரருக்கோ பாராட்டு கிடைக்கிறது.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் ரிக்கிங் வடங்களையே பார்க்கலாம். பெரும்பாலான படகுகளில் இவை பத்தொன்பது துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்தவை. வடத்தின் முனை ஓர் உலோகக் குழலுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தளத்தை ஒட்டிய கீழ்முனைக் குழலுக்குள் உப்புநீர் வழிந்து இறங்கித் தங்கிவிடும். ஆக்சிஜன் பட்டு மேற்பரப்பில் மெல்லிய படலம் உருவாவதால்தான் இந்த எஃகு துருப்பிடிக்காமல் நிற்கிறது. குழலின் உட்புறத்துக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. படலம் சிதைந்து, உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. வெளியே தெரிவது ஒரு பழுப்புக் கறை, அல்லது நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் மயிரிழை விரிசல். ஒரு கம்பி அறுந்தாலும் அந்த வடம் நம்பத் தக்கதல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் பல கேட்பது இதனால்தான். அந்தப் பத்தாண்டும் மாதப் பட்டியலில் ரிக்கிங் என்ற தலைப்பின் கீழ் ஒரு டாலர்கூட இருக்காது. பதினோராம் ஆண்டு பல ஆயிரம் டாலர் ஒரே நாளில் வந்து விழும்.

மற்றவையும் இப்படித்தான். வெப்பமண்டல வெயில் பாயின் நூலைத் தின்கிறது, நங்கூரச் சங்கிலியின் துத்தநாகப் பூச்சு உரிகிறது, மின்கலங்கள் சத்திழக்கின்றன, ரப்பர்ப் படகின் ஒட்டுகள் விடுகின்றன, உயிர்காப்பு மிதவைக்குச் சோதனைத் தவணை வருகிறது. எடுத்துக்காட்டாக, நாற்பதடிப் படகு ஒன்றுக்கு ஒரு கணக்கு போடலாம். ரிக்கிங் 12,000 டாலர், ஆயுள் 12 ஆண்டு. பாய்கள் 10,000, 8 ஆண்டு. இயந்திரம் 20,000, 20 ஆண்டு. மின்கலங்கள் 3,000, 6 ஆண்டு. சிறுபடகும் அதன் மோட்டாரும் 6,000, 8 ஆண்டு. மின்னணுக் கருவிகள் 8,000, 10 ஆண்டு. விலைகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் இந்த ஆறு இனங்களுக்கே ஆண்டுக்கு 5,300 டாலர், அதாவது மாதம் சுமார் 440 டாலர் தேய்மானம் ஆகிறது. 'மாதம் 1,500 டாலரில் வாழ்கிறோம்' என்பவரின் பட்டியலில் இது இல்லையென்றால், உண்மையான செலவு 1,940. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு அரிசிச் செலவே இல்லை என்று கணக்கெழுதுவது போன்றது இது.

குறை இதோடு நிற்கவில்லை. பெருஞ்செலவு வந்து சேரும்போது அதைக் கணக்கிலிருந்து விலக்குவதற்கென்றே ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள்: 'ஒருமுறைச் செலவு'. பசிபிக் பயணத்தில் இது தெளிவாகத் தெரியும். பனாமாவைக் கடந்த படகு ஏறத்தாழ நான்காயிரம் கடல் மைல் ஓடி மார்க்கேசஸ் தீவுகளை அடைகிறது. பிறகு துவாமோத்துப் பவழத்தீவுகளில் வாரக்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும். அங்கே வாங்குவதற்குக் கடைகளே குறைவு; மீன் கடலில் கிடைக்கிறது. அந்த மாதங்களின் கணக்கு வியக்கத்தக்க அளவு சிறியதாக இருக்கும், பலரும் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான். நவம்பரில் சூறாவளிப் பருவத்துக்கு ஒதுங்கிப் படகு நியூசிலாந்தின் ஓப்புவாவையோ வாங்கரேயையோ சேரும். அங்கே நுழைவதற்கே அடிப்பாகம் கொட்டலசும் பாசியும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது 2018 முதல் கட்டாயம். படகைக் கரையேற்றி, அடிப்பூச்சு அடித்து, கிழிந்த பாயை மாற்றி, பசிபிக் முழுவதும் தேய்ந்த அத்தனையையும் சரிசெய்யும் இடமும் அதுவே. அந்தத் தொகையை 'சீரமைப்பு, ஒருமுறை' என்று எழுதிச் சராசரியில் சேர்க்காமல் விடுகிறார்கள். எட்டாயிரம் கடல் மைல் ஓடியதால் வந்த செலவு எப்படி ஒருமுறைச் செலவாகும்? அடுத்த எட்டாயிரம் மைலுக்குப் பிறகு அது திரும்ப வரும்.

காப்பீட்டு இனத்திலும் இதே தவறு நடக்கிறது. 2017-இல் இர்மா சூறாவளி கரீபியனில் எண்ணற்ற படகுகளை நொறுக்கிய பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. பலர் முழுக் காப்பீட்டைக் கைவிட்டுப் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பட்டியலில் அது சேமிப்பாகத் தெரிகிறது. ஆனால் இடர் எங்கும் போகவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து படகுக்காரரின் தலைக்கு மாறியிருக்கிறது. சூறாவளிப் பாதைக்குத் தெற்கே என்று பலர் நம்பி ஒதுங்கும் கிரெனடாவை 2004-இல் ஐவன் தாக்கியது. 2024 ஜூலை முதல் நாள் பெரில் அதன் கரியக்கூ தீவின் மேலேயே கரையேறியது. காப்பீடு இல்லாத படகு அழிந்தால் முழு விலையும் அந்த மாதச் செலவுதான்.

இந்தக் கணக்குமுறைக்கு ஆதரவாக மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன. படகுக்கான பணம் ஏற்கெனவே போய்விட்டது, அதை ஏன் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது முதலாவது. கொள்முதல் விலைக்கு இது பொருந்தும். தேய்மானமோ இனி கட்ட வேண்டிய கடன். பெருஞ்செலவு வருமுன் படகை விற்றுவிடலாம் என்பது இரண்டாவது. வாங்குபவர் கொண்டுவரும் மதிப்பீட்டாளர் ரிக்கிங் மாற்றிய ஆண்டையும் இயந்திரம் ஓடிய மணிகளையும்தான் முதலில் கேட்பார். கட்டாத தேய்மானம் விலையிலிருந்து கழிக்கப்படும். அயல்நாட்டில் விற்றால் வரியும் சேரும். நியூசிலாந்தில் இறக்குமதியாகும் படகுக்குச் சரக்கு, சேவை வரி 15 விழுக்காடு. மூன்றாவது வாதம், இந்த எண்கள் ஒரு தோராயம் மட்டுமே என்பது. தோராயம் இரு பக்கமும் பிசக வேண்டும். இந்த எண்கள் எப்போதும் குறைவின் பக்கமே பிசகுகின்றன.

அதற்குக் காரணம், யார் எப்போது கணக்கு வெளியிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. புறப்படுமுன் படகைப் புதுப்பித்தவர்கள், முதல் இரண்டு மூன்று ஆண்டு உற்சாகத்தில் எழுதுகிறார்கள். அப்போது எல்லா உறுப்பும் புதிது. பெரிய பில் வந்து சேமிப்பு கரைந்தவர்கள் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு ஊர் திரும்புகிறார்கள். காணொளியில் வருமானம் பார்ப்பவர்களுக்கோ பேட்ரியான் தளம் வழியாகப் பணம் தரும் ஆதரவாளர்களும், கருவிகளைத் தள்ளுபடியிலோ இலவசமாகவோ கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நன்னீராக்கி இலவசமாகக் கிடைத்தவரின் செலவுப் பட்டியலை அதை விலைக்கு வாங்குபவர் பின்பற்ற முடியாது.

சராசரி என்ற கருவியே இங்கே பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடும்பயணத்தின் பல செலவுகள் மாதத்தைச் சார்ந்தவை அல்ல, கடக்கும் வாசலைச் சார்ந்தவை. பனாமா கால்வாயைக் கடக்கக் கட்டணம், சுக்கான் பிடிப்பவர் தவிர வடம் பிடிக்க நால்வர், 125 அடி வடங்கள் நான்கு. கலாபகசுக்கு முகவரும் ஆய்வுக் கட்டணங்களும். இலங்கையின் காலித் துறைமுகத்திலும் முகவர் வழியாகத்தான் நுழைவு. பாதை தெரியாமல் இந்தச் செலவைச் சொல்லவே முடியாது. மாதச் சராசரியோ பாதையை அழித்துவிட்டு எண்ணை மட்டும் வைக்கிறது.

இதன் விளைவு பணத்தோடு முடிவதில்லை. ஒதுக்கு நிதி இல்லாதவர் ரிக்கிங்கை இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப் போடுகிறார். அந்த ஆண்டில் அவர் கடப்பது பசிபிக்காக இருக்கலாம். கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் பாய்மரம் சாய்ந்தால், உடைந்த அந்த மரம் படகின் அடிப்பாகத்தை இடித்துத் துளைக்குமுன் வடங்களை அறுத்துக் கடலில் தள்ள வேண்டியிருக்கும். மாதக் கணக்கைச் சின்னதாக வைத்திருந்த சேமிப்பு அங்கே உயிர்களைப் பணயம் வைக்கிறது.

கணக்கை வெளியிடுவோர் படகின் வயது, வாங்கிய விலை, புறப்படுமுன் செலவிட்ட தொகை, ஓடிய கடல் மைல், இயந்திர மணிகள், ரிக்கிங்கும் பாயும் மாற்றிய ஆண்டு, தம் உழைப்பின் நாள்கள் ஆகியவற்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் மாற்று விலையை ஆயுளால் வகுத்த தொகை, உணவுக்கும் டீசலுக்கும் முன்பாக, முதல் வரியில் வர வேண்டும். அந்த வரி இல்லாத எந்தப் பட்டியலையும் நம்பி, வீட்டை விற்கும் பத்திரத்தில் ஒருவரும் கையெழுத்திட வேண்டாம்.