புல்வெளியில் தொடங்கும் கோட்டை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செயின்ட் அகஸ்டின் நகரின் கடற்கழி ஓரத்தில் ஸ்பானியர்கள் 1672 முதல் 1695 வரை எழுப்பிய காஸ்டில்லோ டி சான் மார்கோஸ் கோட்டைக்கு வருவோரில் பலர், அதைச் சூழ்ந்த புல்வெளியை வெறும் பூங்காவாகக் கருதி விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆனால் கோட்டையின் முதல் ஆயுதமே அப்புல்வெளிதான் என்பதால், பார்வையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நகரப் பக்கத்து விளிம்பில் நின்று நோக்கினால், தரை கோட்டையை நோக்கி மெல்ல உயர்வதும், மதிலின் கீழ்ப்பகுதி கண்ணில் படாமல் மறைந்திருப்பதும் புலப்படும். கிளாசிஸ் எனப்படும் இச்செயற்கை மண்சரிவு, பீரங்கிக் குண்டுகள் மதிலின் அடியைத் தாக்காதபடி தடுத்ததோடு, ஏறிவரும் பகைவர் ஒதுங்க ஒரு புதரும் இல்லாமல் அவர்களை மேலிருந்த துப்பாக்கிகளுக்கு நேர் இலக்காக்கியது. நண்பகலில் அங்கு நிழலின்றி வாடுவோர் அவ்வமைப்பின் நோக்கத்தை உடலாலேயே உணர்ந்துகொள்ளலாம். சரிவின் உச்சியை அடைந்த பின்னரே அகழியும் முழு மதிலும் ஒருசேர வெளிப்படுகின்றன. நீர் ததும்பும் அகழியைக் கதைகளில் கண்டு பழகியோருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். இந்த அகழி பெரும்பாலும் உலர்ந்தே இருந்தது, முற்றுகையின்போது கால்நடைகளை அடைக்கவும் பயன்பட்டது.

மேல்தளத்தில், நான்கு மூலைகளிலும் ஈட்டிமுனை வடிவில் வெளியே நீளும் கொத்தளங்களுள் ஒன்றில் நின்று அடுத்த கொத்தளத்தை நோக்க வேண்டும். இடைப்பட்ட மதிலின் எப்பகுதியை எதிரி அணுகினாலும் பக்கவாட்டிலிருந்து சுட முடியும் என்பதும், வட்டக் கோபுரங்களுக்கு முன்னே இருக்கும் சுட முடியாத மறைவிடம் இங்கு இல்லை என்பதும் அப்போது விளங்கும்.

எனினும் நெடுநேரம் நின்று காணத் தக்கது கல்லே. சிறு சிப்பி ஓடுகள் சுண்ணாம்புச் சத்தால் ஒட்டி இறுகிய கொக்கினா என்னும் இக்கல், எதிரேயுள்ள அனஸ்தாசியா தீவில் வெட்டி எடுக்கப்பட்டது. காலையின் சாய்ந்த ஒளியில் ஓடுகள் தனித்தனியே தெரியும். ஆயினும் எளிதில் உதிரும் கல்லாதலால் தொடாமல் காண்பதே முறை. நுண்துளைகள் நிறைந்த இந்த மென்மையே கோட்டையைக் காத்தது: குண்டு பட்டால் கருங்கல்லைப் போலச் சிதறாமல், கொக்கினா அதை உள்வாங்கிக்கொண்டது. 1702இல் கரோலைனாவின் ஆங்கிலப் படை ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையிட்டு, நகரை எரித்தும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1740இல் ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் ஓகில்தோர்ப் அதே தீவிலிருந்து குண்டுமழை பொழிந்தும் பயனில்லை.

இன்று சாம்பல் நிறத்தில் காணும் மதில் ஒருகாலத்தில் வெண்ணிறச் சாந்து பூசப்பட்டிருந்தது என்பதையும், காவற்கூடுகள் செந்நிறமாக இருந்தன என்பதையும் மனத்தில் கொண்டால், கடலிலிருந்து வந்தோர் கண்ட தோற்றம் ஓரளவு மீளும். கடற்பக்கத்தில் மட்டும் அகழி இல்லாததற்குக் காரணம், 1840களில் அமெரிக்கர்கள் அதைத் தூர்த்துப் பீரங்கி மேடை அமைத்ததே.

உள்ளறைகளில், பீரங்கிக் கண்காட்சியைவிட மிகுந்த கவனத்துக்குரியது 1875 முதல் 1878 வரை சிறைவைக்கப்பட்டிருந்த ஷையான், கையோவா முதலிய சமவெளிப் பழங்குடியினரின் வரலாறு. அவர்கள் தங்கள் வேட்டை வாழ்வையும் சிறைவாழ்வையும் தாள்களில் வண்ணச் சித்திரங்களாக வரைந்தனர்; அவற்றுள் பல இன்று வேறு அருங்காட்சியகங்களில் உள்ளமையால், அவற்றின் படிகளைப் பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது நன்று.