மலைநாட்டு முகத்துக்கு எந்த ஊசி?

முகச்சுருக்கத்துக்குப் போட்டொக்ஸ் போடுவதா, ஃபில்லர் போடுவதா என்ற கேள்வி கைப்பேசி விளம்பரங்களோடு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்துவிட்டது. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே போராட வேண்டியிருந்த தேயிலைத் தோட்டங்களில் இது என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஆனால் தோட்ட வரிசை வீடான லயத்தில் பிறந்து ஆசிரியராகவும் தாதியாகவும் வங்கி ஊழியராகவும் ஆன ஒரு தலைமுறை இன்று அங்கே இருக்கிறது. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் முகத்தைச் சுற்றுலாச் சுவரொட்டிக்கு எடுத்துக்கொள்ளும் நாடு, அந்த முகத்துக்கு உரியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டால் மட்டும் ஆடம்பரம் என்று சொல்வது நியாயமில்லை. ஆகவே கேள்வியை மதித்தே பதில் தேட வேண்டும்.

பெரும்பாலான ஒப்பீடுகள், எது எத்தனை மாதம் நிற்கும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. இரண்டும் செய்யும் வேலையே வேறு. போட்டொக்ஸ் என்பது பொட்டுலினம் நச்சு. தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அது தடுப்பதால், புருவம் நெரிக்கும்போதும் சிரிக்கும்போதும் விழும் கோடுகள் மூன்று நான்கு மாதங்களுக்குத் தளர்கின்றன. கனடாவின் கரூதர்ஸ் தம்பதியர், கண் இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்டபோது புருவங்களுக்கு இடையிலான கோடுகளும் மறைவதைக் கவனித்து 1992இல் எழுதினார்கள். அமெரிக்கா 2002இல் அழகியல் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. ஃபில்லரோ பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலக் களி. வயதோடு வற்றிப்போன கன்னத்தையும் மூக்கோரப் பள்ளத்தையும் உள்ளிருந்து நிரப்பி, ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். அசையும்போது மட்டும் விழும் கோட்டுக்கு ஃபில்லர் பொருந்தாது. பள்ளத்துக்குப் போட்டொக்ஸ் வீண்செலவு.

ஃபில்லரை ஆதரிப்போர் வழக்கமாக முன்வைக்கும் வாதம், ‘பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம், போட்டொக்ஸைக் கரைக்க முடியாது’ என்பது. கொழும்பில் இது பாதி உண்மை. மலையில் கால்வாசி கூட இல்லை. கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்தும் அதைப் போடத் தெரிந்த கையும் பக்கத்தில் இருந்தால்தான் ‘கரைக்கலாம்’ என்ற சொல்லுக்குப் பொருள். ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் பார்வையே போகலாம். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் விழித்திரை மீள்வது அரிது. உடனே மருந்து செலுத்தினாலும் பார்வை திரும்பும் என்ற உறுதியில்லை. ஹட்டனிலிருந்து கண்டிக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ‘கொழும்பில் போட்டுக்கொண்டு வந்தால் போச்சு’ என்பார்கள். குழாய் அடைப்பின் அறிகுறி சில சமயம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் பஸ் கினிகத்தேனை வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். போட்டொக்ஸில் அடிக்கடி பேசப்படும் பிழை கண் இமை தொங்குவது. பார்க்கச் சகிக்காதுதான், ஆனால் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். நஞ்சு என்று பெயரெடுத்தது, தூரத்தில் இருப்பவருக்கு இந்த விதத்தில் பாதுகாப்பானதாகிவிடுகிறது.

அதற்காகப் போட்டொக்ஸ் குற்றமற்றது என்றாகிவிடாது. அதை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது எது என்பதைக் குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2024இல் அமெரிக்காவில் போலி மருந்தாலும் தகுதியற்றவர்கள் போட்ட ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. இலங்கையில் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அப்படியிருந்தும் 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரசாங்க வைத்தியசாலைகளுக்குள்ளேயே புகுந்தது. தோட்டத்து டவுனில் மலிவாகக் கிடைக்கும் குப்பியை நம்புவதற்கு மலிவு என்பதைவிட நல்ல காரணம் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விளம்பரங்கள் இதைத் தொடுவதேயில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் புறஊதாக்கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது. குளிர் இருப்பதால் வெயில் சுடுவதில்லை, ஆனால் தோலைத் தாக்கத்தான் செய்கிறது. நமது கறுத்த தோலில் அந்தத் தாக்கம் பெரும்பாலும் சுருக்கத்துக்கு முன்பே மங்கு எனும் கருந்திட்டாகத்தான் தெரியும். மங்குக்கு இந்த இரண்டு ஊசிகளாலும் எந்தப் பயனும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 903 பேரிடம் நாலரை வருடம் நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மூப்பு 24 வீதம் குறைவாக இருந்தது. அது வெள்ளைத் தோலில் கண்ட முடிவு, அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனாலும் கதிரைத் தடுத்தால் மங்கு கூடாமல் இருக்கும் என்பதில் தோல் வைத்தியர்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. கூடைக் கயிறு அழுந்தாமலிருக்கத் தலையில் போடும் துணி நெற்றிக்குக் கொஞ்சம் நிழல் தருகிறது. மங்கு முதலில் பிடிக்கும் கன்னத்துக்கு அது எட்டுவதில்லை.