சர்க்கரையை எடுத்துவிட்ட சீஸ்கேக்

சீஸ்கேக் விருந்தின் கடைசியில் வரும் பண்டம். நியூ ஆர்லியன்ஸில் அதை முதலிலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள், அதுவும் நண்டு போட்டு. கேனால் தெருவிலுள்ள பேலஸ் கஃபே இதற்குப் பேர்போனது. அடியில் பீக்கன் பருப்பு கலந்த மொறுமொறுப்பான தளம், அதன்மேல் நண்டுச்சதையும் க்ரீம் சீஸும், பக்கத்தில் வதக்கிய காளான், எல்லாவற்றின் மேலும் வெண்ணெய் மணக்கும் கிரியோல் மூனியேர் சாஸ்.

கேட்க விநோதமாக இருந்தாலும் இது புதுக் குறும்பு அல்ல. ரோமானியரான கேட்டோ, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலில் ‘லிபும்’ என்ற படையல் பண்டத்தைச் சொல்கிறார். 2 பங்கு பாலாடைக்கட்டி, 1 பங்கு மாவு, ஒரு முட்டை. இலைமேல் வைத்துச் சட்டியால் மூடிச் சுட வேண்டும். தேன் சேர்த்த வகையும் அதே நூலில் உண்டு, லிபுமில் அது கிடையாது.

சமைப்பவரின் கைத்திறனைச் சோதிப்பது சர்க்கரை இல்லாத இந்த வகைதான். சர்க்கரை தித்திப்போடு நிற்பதில்லை, முட்டையின் புரதம் இறுகுவதையும் தள்ளிப்போடுகிறது. அது இல்லாதபோது முட்டை சீக்கிரமே கட்டிவிடும். அசந்தால் பட்டுப்போல் இருக்க வேண்டியது திரிதிரியாகி, மேலே வெடிப்பும் விழும். அதனால் அடுப்புச் சூடு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், தட்டில் வெந்நீர் ஊற்றி அதன் நடுவே வேகவைப்பது நல்லது. ஓரம் நின்று, நடு மட்டும் லேசாகத் தளும்பும்போதே அணைத்துவிட வேண்டும். உள்சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முட்டை சேர்த்தபின் அடித்துக்கொண்டே இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். உள்ளே புகுந்த காற்று கேக்கை உப்ப வைத்து, ஆறும்போது அமுக்கிவிடும்.

நண்டுச்சதையைத் தண்ணீர் வடித்து, கடைசியில் கையால் மெல்லப் புரட்ட வேண்டும். துண்டுகள் உடைந்தால் போட்ட காசு வீண். நண்டுக்கே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு, அது போதும். உப்பில் கை அடங்கட்டும், சீஸில் ஏற்கெனவே இருக்கிறது.

முந்தின நாளே செய்து வைத்துவிடலாம் என்பது விருந்து வைப்பவருக்குப் பெரிய சௌகரியம். குளிர்ந்தபடியே பரிமாறினால் வெண்ணெய் வாசம் எழாது, இளஞ்சூடு வேண்டும். துண்டு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். தாராள மனசோடு பெரிதாக வெட்டுபவர், பின்னால் வரும் மீனைத் தானே உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.