ஒரே கூரை, நான்கு வழிபாடுகள்

இலண்டன் மாநகரின் வரலாற்றை ஆலயங்கள் வழியாகக் கூற முற்படுவோர் பலர், 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப்பின் கிறிஸ்டோபர் ரென் எழுப்பிய புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்திலேயே நின்றுவிடுகின்றனர். அது நகரின் பெருமையைச் சொல்லும். குடிபெயர்ந்து வந்தோரின் கண்ணீரைச் சொல்லாது.

அதைச் சொல்வது பிரிக் லேன் தெருவிலுள்ள ஓர் எளிய செங்கல் கட்டடம். 1743இல் பிரான்சிலிருந்து வந்த ஹியூகனோ எனும் சீர்திருத்தச் சபையினர் அதைக் கட்டினர். 1819இல் அது மெதடிஸ்டு சிற்றாலயமாயிற்று. 1898இல் கிழக்கு ஐரோப்பிய யூதரின் தொழுகைக்கூடம். 1976இல் வங்காளதேச முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவர்கள் நின்றன, மன்றாடிய மொழிகள் மாறின.

இதனைச் சமய நல்லிணக்கச் சின்னமெனப் பாராட்டுவது எளிது. ஆயினும் அது பாதி வாசிப்பே. ஹியூகனோக்கள் ஏன் அகதிகளாயினர்? அவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்த நாந்து ஆணையை, 1685இல் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி நீக்கினார். ஆகவே இக்கட்டடத்தின் முதற்பக்கத்தில் நம் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000ஆம் ஆண்டில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்த மனத்தாழ்மையோடு படிப்பவருக்கே இக்கட்டடம் தன்னை முழுமையாகத் திறக்கும்.